கொத்துக்கறியின் ஷேட் நம்பர்

பெயின்டருக்கு வாசனையும் ருசியும் போய்ப் பதினொரு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாது.

போன வருஷம் ஒரு ஜலதோஷம் வந்தது. ஐந்து நாள் இருந்தது. போகும்போது மூக்கையும் நாக்கையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று பார்த்தார், வரவில்லை. தின்னர் டப்பாவைத் திறந்து மூக்குக்கு நேராகப் பிடித்தால் தண்ணீர் டப்பா மாதிரி இருந்தது. சூடு தெரிந்தது, குளிர்ச்சி தெரிந்தது, கடிபடுவதும் வழுக்குவதும் தெரிந்தது. மற்றபடி சோற்றுக்கும் அவர் சுவரில் பூசுகிற பட்டிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பட்டி சீக்கிரம் காயும், அவ்வளவுதான்.

இதை அவர் வீட்டில் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்றால், கல்யாணமான நாளிலிருந்து பதினாறு வருஷம் சாப்பாட்டில் குறை சொல்லிக்கொண்டே இருந்தவர் அவர். கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது. மயிரிழைக் கீறல் இருந்தாலும் கண்டுபிடிக்கிற தொழில். அந்தப் பழக்கம் சுவரை விட்டுத் தட்டு வரைக்கும் வந்துவிட்டது. "உப்பு ஒரு கல்லு கம்மி." "இது நேத்து செஞ்சதா?" "மீனைக் கொஞ்சம் முந்தியே எறக்கியிருக்கணும்." எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத் தட்டைத் துடைத்து வைத்தாற்போலக் காலி செய்துவிடுவார். அவருடைய மனைவி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று, பரீட்சை முடிவு பார்க்க வந்தவள் மாதிரி, அவர் முதல் வாய் வைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் கை கழுவின பிறகுதான் அவள் உட்காருவாள். பதினாறு வருஷமும் அப்படித்தான்.

ஜலதோஷம் விட்ட அந்த வாரத்தில் ஒரு நாள் அவள் வழக்கம்போல வாசலில் நின்றாள். பெயின்டருக்குக் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. வாயில் இருப்பது மீன் என்பதே கண்ணால் பார்த்திருந்ததால்தான் தெரிந்தது. "நல்லா இருக்கு" என்று சொல்லிவைத்தார்.

அவள் கரண்டியை வைத்துவிட்டு, ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். அவளுக்குப் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை வேலை. வாயைத் திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்து, அப்படியே நாற்காலியில் தூங்கிப்போன ஒரு போலீஸ்காரர் கதையை அன்றைக்குச் சொன்னாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிற மகள் சிரித்துப் புரையேறினாள். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு ஒன்றாக எழுந்தார்கள். அந்த வீட்டில் அது முதல் தடவை.

மறுநாள் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றிருந்தார். மறுநாளும் அவள் வந்து உட்கார்ந்தாள். அப்புறம் எங்கே சொல்வது? சொன்னால் அவள் எழுந்து மறுபடி வாசலுக்குப் போய்விடுவாள். அவருக்கு இருந்தது அந்த ஒரு பயம்தான். அந்தப் பயத்திலேயே பதினொரு மாதம் முகம் கோணாமல் "நல்லா இருக்கு" என்று பூசி மெழுகிக்கொண்டு வந்தார். பூசுவதில் அவரைக் குறை சொல்ல ஆளில்லை.

போன வாரம் ஆஸ்பத்திரியில் துடைத்துக் காயாத தரையில் மனைவி வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. நாலு நாள் கடைச் சாப்பாடு ஓடியது. ஐந்தாம் நாள் செவ்வாய்க்கிழமை. பெயின்டர் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோதே அவள் சோபாவிலிருந்து தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"கடைச் சாப்பாடு இனிமே எனக்கு எறங்காது. இன்னிக்கு நீங்க செய்ங்க."

"நானா? எனக்கு என்ன தெரியும்?"

"பதினாறு வருஷமா எது கம்மி, எது ஜாஸ்தின்னு சொன்னவரு நீங்கதானே? உங்க நாக்குக்குத் தெரியாததா?"

பெயின்டர் திருட்டு முழி முழித்தார். மகள் போனை நீட்டினாள். "அப்பா, இதப் பாருங்க. ஜப்பான்காரங்க செய்யற மாதிரியாம். கொத்துக்கறி, முட்டை, பீன்ஸ், சோறு. இருவது நிமிஷம். வேலைக்குப் போயிட்டுக் களைச்சு வர்றவங்களுக்குன்னே போட்டிருக்காங்க."

வீடியோவில் ஒரு பெண் மாட்டுக் கொத்துக்கறியை வாணலியில் போட்டுக் கிளறினாள். சோயா சாஸ், சர்க்கரை, துருவின இஞ்சி. ஈரம் வற்றி உதிரியாக வந்ததும் இறக்கிவைத்தாள். முட்டையைத் தனியாகப் பொடிப்பொடியாகக் கிளறினாள். பீன்ஸை வேகவைத்து மெல்லிசாக நறுக்கினாள். கிண்ணத்தில் சோற்றைப் பரப்பி, அதன்மேல் கறி ஒரு பட்டை, முட்டை ஒரு பட்டை, பீன்ஸ் ஒரு பட்டை என்று வரிசையாக வைத்தாள். பெயின்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பழுப்பு, மஞ்சள், பச்சை. நாக்கே வேண்டாத சமையல் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

கடைக்குப் போனார். மாட்டுக்கறி தீர்ந்துவிட்டது, கோழிக் கொத்துக்கறிதான் இருக்கிறது என்றார் கடைக்காரர். பெயின்டர் கொஞ்சமும் கவலைப்படவில்லை. கோழி வெள்ளை பேஸ். வெள்ளை பேஸில் நிறம் ஏற்றுவது அவருக்கு என்ன புதிதா? அதைத்தானே இருபது வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் வீடியோவைக் கறி இறக்குகிற இடத்தில் நிறுத்தினார். வேலைப் பையிலிருந்து, பெயின்ட் நிறங்களை நம்பரோடு அச்சிட்ட ஷேட் கார்டை எடுத்துப் போன் திரைக்குப் பக்கத்தில் வைத்து விரலால் தள்ளிக்கொண்டே போனார். முன்னூற்றுப் பதினெட்டு. பெயர் தேக்கு நிழல். போன மாதம்தான் ஒரு வக்கீல் வீட்டு வாசல் கதவுக்கு அடித்திருந்தார். கார்டை அடுப்புக்கு மேலே சுவரில் மாஸ்கிங் டேப்பால் ஒட்டிவிட்டு வேலையை ஆரம்பித்தார்.

வீடியோவில் சொன்ன அளவுக்குச் சாஸ் ஊற்றினார். கறி வெளிர்ப் பழுப்பில் நின்றது. இருநூற்று நாற்பதைத் தாண்டவில்லை. இன்னும் ஒரு கரண்டி ஊற்றினார். ஈரத்தில் தெரிகிற நிறத்தை நம்பக்கூடாது, காய்ந்த பிறகுதான் பார்க்க வேண்டும் என்பது தொழிலில் முதல் பாடம். ஆகவே ஒரு துளிக் கறியை எடுத்து வெள்ளைத் தட்டில் தடவி, ஜன்னலோரம் வைத்துக் காய விட்டார். காய்ந்ததும் வெளுத்துவிட்டது. மறுபடி ஊற்றினார், தடவினார், காயவைத்தார். இருபது நிமிஷச் சமையல் ஐம்பது நிமிஷத்தைத் தொட்டது. தட்டின் விளிம்பில் ஏழு தடவல்கள் வரிசையாக நின்றபோது எட்டாவது கார்டின் நிறத்தோடு ஒத்துப்போனது. சாஸ் பாட்டிலில் அடியில் ஒரு விரல்தான் மிச்சம்.

"உப்பு பாத்தீங்களா?" என்று மனைவி கூடத்திலிருந்து கேட்டாள்.

"பாத்தாச்சு, பாத்தாச்சு. கச்சிதமா இருக்கு."

மகளைக் கூப்பிட்டு ருசி பார்க்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் பதினாறு வருஷம் ஊருக்கே உப்புச் சொன்ன மனுஷன் ஒன்பதாம் வகுப்பை எப்படிக் கூப்பிடுவது?

பட்டை பிரிப்பதற்கு அட்டைத் துண்டு வெட்டிக்கொண்டார். ஒரு நிறத்தை வைத்து, அட்டையை நேராகப் பிடித்து, அடுத்த நிறத்தை வைத்து, அட்டையை மெதுவாக உருவினார். ஒரு பீன்ஸ்கூட முட்டைப் பக்கம் சாயவில்லை. மூன்று கிண்ணத்திலும் கோடு நூல் பிடித்தாற்போல இருந்தது. அவருக்கே ஒரு கர்வம் வந்தது.

"அப்பா, சூப்பர்! போட்டோ எடுத்துக்கறேன்" என்றாள் மகள். எடுத்தாள். பிறகு கறிப் பட்டையில் ஒரு கரண்டி அள்ளி வாயில் வைத்தாள்.

அவள் கண்கள் விரிந்தன. தன் டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு அம்மாவின் டம்ளரையும் எடுத்துக் குடித்தாள். மனைவி இடது கையால் தட்டுத்தடுமாறி ஒரு வாய் வைத்தாள். அவள் முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை. பல் ஆஸ்பத்திரியில் பத்து வருஷம் உட்கார்ந்திருப்பவளுக்கு அந்தப் பயிற்சி உண்டு. மெல்லாமல் விழுங்கினாள். கரண்டியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

பெயின்டர் தன் கிண்ணத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டு சீராகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதி தாண்டியிருந்தது.

"எப்படி இருக்கு?" என்றாள் அவள்.

"நல்லா வந்திருக்குல்ல?"

"உப்பு?"

அவள் கேட்ட தினுசில் ஏதோ இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று பழைய வழக்கத்தைக் கையில் எடுத்தார். "ஒரு கல்லு கம்மியோ?"

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். மனைவி பொத்தவில்லை.

"எத்தனை நாளா?"

"எது?"

"எத்தனை நாளா உங்களுக்கு ருசி தெரியல?"

பெயின்டர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். முட்டைக் கோடு கலைந்திருந்தது. "பதினொரு மாசம்."

"வாசனை?"

"அதுவும்தான்."

"கேஸ் கசிஞ்சிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

"கவனமா பாத்துக்குவேன்."

"கேஸ் கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அவள் வாய்க்குள் மாதங்களை எண்ணினாள். எண்ணி முடித்ததும் முகம் மாறியது. "அப்போ நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு சொன்னதெல்லாம்?"

"சும்மா சொன்னேன்."

"எல்லாமா?"

"எல்லாம்தான்."

அவள் எழுந்தாள். மாவுக்கட்டுக் கையை இடது கையால் தாங்கிக்கொண்டு நேராகச் சமையலறை வாசலுக்குப் போய், நிலையில் சாய்ந்து நின்றாள். பதினொரு மாதமாக எதற்குப் பயந்தாரோ அது நடந்துவிட்டது.

"நீ அன்னிக்கு வந்து எதுத்தாப்பல உக்காந்தே. அது எனக்குப் புடிச்சிருந்துச்சு. சொன்னா நீ எழுந்து போயிடுவியோன்னு சொல்லல" என்றார். இப்படிப்பட்ட வாக்கியம் எதையும் அவர் கல்யாணத்துக்குப் பிறகு சொன்னதில்லை. அதற்கு முன்னாலும் சொன்னதில்லை.

அவள் இளகவில்லை. "பதினாறு வருஷம் சொன்ன கொற எல்லாம் நெசம். பதினொரு மாசம் சொன்ன நல்லது மட்டும் பொய். அப்படித்தானே? நான் என்னமோ ஒரு வழியா சமைக்கக் கத்துக்கிட்டேன்னு நெனச்சேன். எங்க அக்காவுக்குப் போன் போட்டு வேற சொன்னேன்." குரல் உடைந்தது. அதை மறைக்க அவள் முயற்சி செய்யவில்லை.

"ஒரு நிமிஷம்" என்றாள் மகள்.

"நீ சும்மா இரு."

"நான் ஏன் சும்மா இருக்கணும்? இந்த வீட்ல எனக்கு நாக்கு வேலை செய்யுது." அவள் எழுந்து சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டே பேசினாள். "அம்மா, முன்னாடி நீ பயந்து பயந்து சமைப்ப. அப்பா என்ன சொல்வாரோன்னு எல்லாத்தயும் ரெண்டு ரெண்டு தடவ தெறந்து பாப்ப. சாப்பாடு சவசவன்னு இருக்கும். அப்பா சொன்னது தப்பில்ல. அப்புறம் அவரு நல்லா இருக்குன்னு சொல்ல ஆரம்பிச்சாரு. நீ பயத்த விட்டுட்ட. உன் இஷ்டத்துக்கு அள்ளிப் போட்ட. அப்பதான் நெசமாவே நல்லா வந்துச்சு. நான் ரெண்டாந்தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்ல, எதுக்குன்னு நெனச்ச? உன் மனசு நோகக்கூடாதுன்னா? நான் அவ்வளவு நல்லவ இல்ல."

மகள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நெசமாவே நல்லா இருந்துச்சுப்பா. உங்களுக்கு மட்டும்தான் தெரியாது."

அது பெயின்டருக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பதினாறு வருஷச் சவசவ சாப்பாட்டையும் ஒரு பருக்கை விடாமல் ருசி பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தவர் அவர். அவள் நன்றாகச் சமைத்த பதினொரு மாதம் அவர் வாய் வழியாகத்தான் போயிருக்கிறது, ஒன்றும் அவருக்குக் கிடைக்கவில்லை. பொய் என்று நினைத்து அவர் சொன்னதெல்லாம் உண்மையாக இருந்திருக்கிறது, அதுவும் அவருக்குத் தெரியவில்லை. ஐம்பது வயதுக்குப் பக்கத்தில் இருக்கிற மனுஷன், மகளுக்கு முன்னால், மேசையில் கையை ஊன்றிக்கொண்டு அழுதார். கண்ணீர் உதடு வரைக்கும் வந்தது. அது உப்பாக இருந்ததா என்பதும் அவருக்குத் தெரியாது.

மனைவி வாசலிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு வந்து, நாற்காலியைக் காலால் இழுத்து, இந்தத் தடவை அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நாளைக்குக் காலையில டாக்டரப் போய்ப் பாக்கறீங்க. நானும் வரேன்" என்றாள்.

"சரி."

"அடுப்ப இனிமே நீங்க தனியா தொடக்கூடாது."

"சரி." அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எப்படி இருந்துச்சு?"

"எது?"

"நீ செஞ்சது. எல்லாம். எனக்குத் தெரியணும்." அவர் மகளையும் பார்த்தார். "மொதல்லேருந்து சொல்லுங்க. ஒண்ணு விடாம."

மகள் இன்னொரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு ஆரம்பித்தாள்.