துப்பாக்கிப் பெட்டியின் எடை

வேர்னாவுக்கு இப்போதெல்லாம் கார் ஓட்டக் கண் சரியில்லை. அதனால் அவள் கணவன் ஆர்லோவை மிசூலா விமான நிலையத்தில் இறக்கிவிட, அவள் தோழி நான்தான் இருவரையும் ஏற்றிக்கொண்டு ஓட்டிப்போனேன். அலாஸ்காவில் இருக்கும் மகள் கிரெட்டா மான் வேட்டைக்கு அப்பாவைக் கூப்பிட்டிருந்தாள். அப்பாவை மட்டும். அம்மாவும் மகளும் பேசி இரண்டு வருடமாகிறது.

துப்பாக்கிப் பெட்டியை எடைமேடையில் வைத்ததும் கவுண்டர் பெண் ஜோலீன் உதட்டைப் பிதுக்கினாள்.

"ஐம்பத்தேழு பவுண்டு சார். ஐம்பதுக்கு மேல போனா நூறு டாலர்."

"நூறா! உங்க மிஷின் கெட்டுப்போச்சும்மா. வீட்ல நாப்பதுகூட வரல."

"மிஷின் நல்லாத்தான் இருக்கு. உள்ள என்ன வெச்சிருக்கீங்க?"

"துப்பாக்கி. தோட்டா. வேறென்ன?"

ஒரே ராத்திரியில் எந்தத் துப்பாக்கி இப்படிக் கொழுக்கும்? நான் வேர்னாவைப் பார்த்தேன். சுவரில் ஒட்டியிருந்த காட்டுத்தீ எச்சரிக்கையை அவள் ஊன்றிப் படித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியோ கைப்பையில் இருந்தது.

"எப்படியும் துப்பாக்கி காலியா இருக்குன்னு காட்டணும். திறங்க சார்."

ஆர்லோ இரண்டு பூட்டையும் திறந்தான். துப்பாக்கி இருந்தது. அதன் அடியிலிருந்த பஞ்சு மெத்தையைத் தூக்கினால், வரிசையாகக் கம்பளிச் சாக்ஸ். ஒவ்வொன்றுக்குள்ளும், ஹக்கிள்பெரி என்ற காட்டுப்பழத்தில் செய்த ஒரு ஜாம் பாட்டில்.

"வேர்னா! நேத்து பூரா இந்தச் சாக்ஸைத்தான் தேடினேன்!"

"கண்ணாடி பாட்டில் உடையாதா பின்ன?"

"சாவி என் சட்டைப் பையில இருந்துச்சே."

"குளிக்கிறப்ப சட்டையோடயா குளிக்கிற?"

ஜோலீன் ஒரு பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "கரடிங்க தின்னு தீர்க்கறதுக்கு முந்தி இவ்வளவு பழம் எப்படிப் பறிச்சீங்க?"

அந்தப் பழம் பறிக்க வேர்னாவோடு மலையேறியவள் நான். யாருக்கடி இவ்வளவு என்று அன்றைக்குக் கேட்டதற்கு, "குளிர்காலத்துக்கு" என்றிருந்தாள்.

"நான் குடுத்தேன்னு கிரெட்டாகிட்ட சொல்லாத. சந்தையில வாங்கினேன்னு சொல்லு" என்றாள் வேர்னா. பிறகு பாட்டில்களை அள்ளப் போனாள். "வேணாம், விடு. வீட்டுக்கே எடுத்துட்டுப் போறேன். உன் நூறு டாலர் தப்பிச்சுது."

"கையை எடு."

ஆர்லோ தன் துணிப்பையின் ஜிப்பை இழுத்தான். அதுவும் வெடிக்கிற மாதிரி நிறைந்திருந்தது. உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து மாட்டிக்கொண்டான்: போட்டிருந்த சட்டைமேல் ஒரு கம்பளிச் சட்டை, அதன்மேல் இன்னொன்று, மேலே கோட்டு, அதற்கும் மேலே மழைக்கோட்டு. இடம் கிடைத்த வரைக்கும் பாட்டில்களைத் துணிப்பைக்கு மாற்றினான்.

"சார், வெளிய வெயில் கொளுத்துதே!"

"அலாஸ்காவுல குளிரும்மா."

"நீயே ஒரு கரடி மாதிரி இருக்க" என்றாள் வேர்னா.

"கரடியா இருந்தா ஜாமை இங்கயே தின்னுட்டு, சும்மா கையை வீசிட்டுப் போயிருப்பேன்."

எடைமேடை இரண்டையும் ஏற்றுக்கொண்டது.

அந்த வாரக் கடைசியில் வேர்னாவின் சமையலறையில் காபி குடித்துக்கொண்டிருந்தோம். போன் அடித்தது. எண்ணைப் பார்த்தவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"எடுடி" என்றேன்.

"அம்மா?" கிரெட்டாவின் குரல் எனக்கே கேட்டது. "மூடியை இவ்ளோ இறுக்கமாவா மூடுவே? நானும் அப்பாவும் திருகிப் பாத்துட்டோம், அசைய மாட்டேங்குது."

"சந்தையில வாங்கினதுன்னு அப்பா சொல்லலியா?"

"சொன்னாரு. எந்தச் சந்தையில இப்படி மூடுவாங்க?"

வேர்னா காபியை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"வெந்நீர்ல தலைகீழா வை."

"எவ்வளவு நேரம்?"

"வெச்சுட்டு வா. நான் போனை வைக்க மாட்டேன், லைன்லயே இருக்கேன்."