கேக் ஊட்ட யாய்ரா மண்டியிட்டபோது

1

இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை. கானாவின் ஹோ நகரில் என் தங்கை யாய்ராவின் கல்யாணத்தில், அவளுடைய கவுன் கிழிந்த சத்தத்தில் பிறந்தது. முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஆப்பிரிக்கப் பெண்ணின் வரலாறு என்பது முழங்கால்களின்..."

வேண்டாம். முழங்காலுக்கு வருவோம், கொஞ்சம் பொறுங்கள்.

2

கதாநாயகி எங்கள் பெரியம்மா மகள் ஜிஃபா. அக்ராவில், பல்கலைக்கழகத்தில் பெண்ணியம் கற்பிக்கிறாள். "நம் மரபு" என்று இன்று மேடையில் விற்கப்படுவதில் பாதி போன வருஷம் தொலைக்காட்சியில் வந்தது என்பது அவள் கட்சி. இதைச் சொல்லியே மூன்று கல்யாணங்களில் சண்டை மூட்டியிருக்கிறாள். (இரண்டுதான் என்கிறாள். மூன்றாவதில் மாப்பிள்ளையே ஓடிவிட்டதால் அது சேராதாம்.)

அதனால் யாய்ரா முன்கூட்டியே கெஞ்சினாள்.

"அக்கா, உன் கால்ல விழறேன். நாளைக்கு ஒரு நாள் வாயத் தொறக்காத."

"சாப்பிடக்கூடவா?"

"அதுக்கு மட்டும் தொற."

3

கேக் வந்தது. விழாவை நடத்திய செனானு மைக்கைப் பிடித்தார்.

"மணப்பொண்ணே, மண்டி போட்டு மாப்பிள்ளைக்கு ஊட்டும்மா! நம்ம முன்னோர் வழக்கம்!"

ஜிஃபா தட்டிலிருந்த பாங்குக் களியில் பெரிய உருண்டையாக எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள். (புளித்த மாவுக் களி. வாயடைக்க அதைவிட நல்ல பொருள் எங்கள் ஊரில் கிடையாது.)

யாய்ரா மண்டியிட்டாள். கவுன் பின்பக்கம் டர்ரென்று கிழிந்தது. எழுந்தால் ஊரே பார்க்கும். மாப்பிள்ளை எலிக்கெம் தன் கோட்டைக் கழற்றி அவள் இடுப்பில் சுற்ற அவனும் மண்டியிட்டான்.

"மாப்பிள்ள, எழுந்திரு! ஆம்பள மண்டி போடக் கூடாது!" என்று அலறினார் செனானு.

யாய்ரா ஜிஃபாவைத் திரும்பிப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"அக்கா, பேசு."

4

இங்கே ஜிஃபாவுக்கு ஒரு பக்கச் சொற்பொழிவு எழுதியிருந்தேன். படித்துவிட்டு போன் செய்தாள்.

"இவ்வளவு அழகா நான் எங்கடி பேசினேன்? வாயில களி இருந்துச்சு."

அந்தப் பக்கத்தை அடித்துவிட்டேன். உண்மையில் அவள் விழுங்கினாள், விக்கினாள், தண்ணீர் குடித்தாள். மண்டபமே காத்திருந்தது.

"செனானு அண்ணே, நம்ம முன்னோர் கேக் சாப்பிட்டாங்களா?"

"அது... காலம் மாறிடுச்சும்மா."

"கேக்குக்கு மாறின காலம் முட்டிக்கு மாறாதா?"

மண்டபம் குலுங்கியது. மணமக்கள் இருவரும் அப்படியே தரையில் உட்கார்ந்து மாறி மாறி ஊட்டிக்கொண்டார்கள். யாய்ராவின் மூக்கில் கிரீம். அழப்போகிறாள் என்று பயந்திருந்தேன், சிரித்துக்கொண்டிருந்தாள்.

5

முடிவு. செனானு மனம் திருந்தினார் என்று எழுதிப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்தது. கோபித்துக்கொண்டு வெளியேறினார்... எப்படி வெளியேறுவார்? அவர் இன்னும் சாப்பிடவில்லை.

நடந்தது வேறு. முன்வரிசையிலிருந்து அவர் மனைவி வொலாலி ஒரு துண்டு கேக்கோடு எழுந்து வந்தாள். தட்டை அவர் கையில் கொடுத்தாள். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வாயைத் திறந்தாள்.

செனானு தரையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

பிறகு என்ன செய்தார் என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன், அவர் எங்கள் தெருக்காரர். நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் சீக்கிரம், பாவம், அவளுக்கு வாய் வலிக்கிறது.