ரேடியோவில் மாமியார்

எங்கள் லா பாஸ் துறைமுகத்தில் ஜனவரி பிறந்துவிட்டால் 'நீலத் திமிங்கிலம்' என்ற வார்த்தையை யாரும் ரேடியோவில் சொல்வதில்லை. சொன்னால் தீர்ந்தது. அரை மணி நேரத்தில் வளைகுடாவில் மிதக்கிற அத்தனை படகும் வந்து மொய்க்கும். திமிங்கிலம் ஒரு மூச்சு விட்டுப் பார்த்துவிட்டு, இவர்கள் சகவாசமே வேண்டாமென்று முங்கிப் போய்விடும். அதனால் ஒவ்வொரு படகுக் கூட்டமும் அதற்கு ஒரு கள்ளப் பெயர் வைத்திருக்கிறது. ஒரு கூட்டத்துக்கு அது 'பிஷப்'. இன்னொரு கூட்டத்துக்கு 'தண்ணி லாரி'. எங்களுக்கு 'மாமியார்'.

பெயர் வைத்தது என் கணவரின் சித்தப்பா மகன் பெத்தோ. "பெருசா இருக்கா, சொல்லாமக் கொள்ளாம வர்றா, மூச்சு விட்டா மூணு மைலுக்குத் தெரியுது. வேற என்ன பேர் வைக்கச் சொல்ற?" என்றான். அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. இந்த வாய்க்கு ஆகவும் ஆகாது.

ஆனால் வாயைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. வாயில்லாப் பிள்ளையை நாய் தூக்கிக்கொண்டு போகும் என்பார்கள். என்னை எந்த நாயும் கிட்ட நெருங்க முடியாது. என் பெயர் நெரெய்தா. 'எஸ்தெலா' என்ற உல்லாசப் படகில் சமையல். என் கணவர் ஃபெர்மின் அதற்குக் கேப்டன். ஒரு வாரத்துக்கு வாடகை எடுக்கும் பணக்காரர்களுக்கு வெள்ளைப் படுக்கை விரிப்பு, குளிர்ந்த ஒயின், என் கைச் சாப்பாடு, மற்றதெல்லாம் கடல் கொடுக்கும். ரேடியோவில் பேசுவதும் நான்தான். ஃபெர்மின் பேசினால் தவளை கத்துவது போல் இருக்கும். பெத்தோவும் ஃபெர்மினின் இரண்டு தம்பிகளும் மீன்பிடிக்கப் போன இடத்திலிருந்து தகவல் சொல்வார்கள். நான் அதை மற்றவர்களுக்குச் சொல்வேன், கொஞ்சம் கை கால் வைத்து.

இப்போது என் சொந்த மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தோன்யா திரினி லெச்சூசாத் தீவில் இருக்கிறார். தீவு என்று பேர்தான். ஒரு பாறை, ஆறு வீடு, ஒரு சின்னக் கோயில். குடிதண்ணீர்கூடக் கரையிலிருந்து படகில்தான் வரும். அங்கேதான் எங்கள் கல்யாணம் நடந்தது. விருந்துக்கு அவரே சிப்பி சுட்டார். சிப்பிகளைக் கூழாங்கல்லில் கவிழ்த்து வரிசையாக அடுக்கி, மேலே காய்ந்த புதரைப் போட்டுக் கொளுத்துவது. கடற்கரையெல்லாம் மணந்தது. முதல் சிப்பியை மணப்பெண்ணுக்குக் கொடுத்தார்கள். நான் கடித்தேன், நறுக்கென்றது. "மண்ணு இருக்கே" என்றேன்.

எங்கள் பக்கத்தில் இது சின்ன விஷயம் இல்லை. இன்னொருத்தர் சுட்ட சிப்பியில் மண் இருந்தால் மெல்லாமல் விழுங்குவதுதான் மரியாதை. பல் உடைந்தாலும் சிரித்துக்கொண்டு உடைய வேண்டும். நானோ ஹோட்டலில் சமையல் படித்தவள், எதையும் ருசி பார்த்தவுடன் குறை சொல்லிப் பழக்கம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். நான் அன்றைக்கு உடைத்தது தங்கக் கோபுரம்.

அதிலிருந்து நாலு வருஷம் அவர் என் கையால் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. என் பெயரைச் சொல்லவில்லை. மகனிடம் கேட்பதானால் "உன் படகுச் சமையல்காரி" என்பார். தீவுப் பக்கம் நங்கூரம் போடும்போதெல்லாம் நான் ஒரு பாத்திரத்தில் ஏதாவது செய்து ஃபெர்மினிடம் கொடுத்தனுப்புவேன். மூடியைத் திறக்காமலே அது திரும்பி வரும். எனக்கு அம்மா இல்லை. அவர் என்னை ஒரு தடவை 'மருமகளே' என்று கூப்பிட்டால் போதும் என்று கிடந்தேன். இதை ஃபெர்மினிடம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

இந்த ஜனவரியில் அதிசயம் நடந்தது. நான் அனுப்பிய மக்காச்சோளக் கொழுக்கட்டைப் பாத்திரம் காலியாக, கழுவித் துடைத்து வந்தது. உள்ளே ஒரு துண்டு ஆட்டுப்பால் சீஸ். நான் அதைச் சாப்பிடாமல் மூன்று நாள் குளிர்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரமும் காலி. உலர்ந்த அத்திப்பழம் வந்தது. சரி, மனது இளகிவிட்டது என்று நினைத்தேன். பிப்ரவரியில் மறுபடி மூடி திறக்காமல் வந்தது. மூடிமேல் ஒரு கல் வேறு. பறந்துவிடும் என்றா, என்னை அடிக்கவா, தெரியவில்லை.

"என்னங்க சொன்னாங்க?" என்று ஃபெர்மினைக் கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. கல்ல மட்டும் வச்சாங்க."

"நீங்க ஏன்னு கேக்கலயா?"

"எங்கம்மாகிட்ட ஏன்னு கேக்கறதுக்கு எனக்கு என்ன, ரெண்டு உசுரா இருக்கு?"

இப்படியிருக்கும்போது மார்ச்சில் மான்டெரே நகரத்திலிருந்து கார்சா அம்மாள் படகை வாடகைக்கு எடுத்து வந்தார். எழுபது வயது. மகன்களும் ஒரு மருமகளும் கூட. பிறந்தநாளுக்கு நீலத் திமிங்கிலம் பார்க்க வேண்டும் என்று ஒரே ஆசை. கடல்சிங்கங்களோடு நீந்தினார், திருக்கை மீன்கள் கூட்டமாகத் துள்ளி விழுவதைக் கைதட்டி ரசித்தார், கள்ளிமரங்கள் மேல் கழுகு உட்கார்ந்திருந்ததைப் படம் எடுத்தார். திமிங்கிலம் மட்டும் அகப்படவில்லை. வியாழக்கிழமை காலை லெச்சூசாவுக்கு எதிரே நின்றிருந்தோம். பின்தளத்தில் எல்லாரும் பப்பாளியும் முட்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

தீவிலிருந்து ஒரு மீன்படகு நேராக எங்களை நோக்கி வந்தது. மோட்டாரைத் தானே பிடித்து ஓட்டிக்கொண்டு வந்தவர் தோன்யா திரினி. கோயிலுக்குப் போடும் கறுப்பு உடுப்பு, காதில் தங்க வளையம். எங்கள் படகோடு ஒட்டி நிறுத்தினார்.

"சமையல்காரி. வெளிய வா."

கையில் மாவோடு போய் நின்றேன். நாலு வருஷத்தில் அவர் என்னிடம் நேரே பேசிய முதல் பேச்சு.

"நாத்தம் வருதா?" என்றார்.

"என்ன அத்தை?"

"இவ்வளவு கிட்டத்துல நிக்கறேனே, குமட்டுதான்னு கேட்டேன். மாமியார் மூச்சு விட்டா அழுகின எறால் நாத்தம்னு ஊருக்கே சொன்னியே."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"நான் எப்ப அத்தை..."

"செவ்வாக்கிழம. 'என்னா உடம்பு, என்னா உடம்பு, முதுகு முடியவே மாட்டேங்குது'ன்ன. அதுக்கு முந்தின வாரம் நான் கடல்ல செவப்பா கழிஞ்சுட்டுப் போனேனாம். படகுக்காரங்க எல்லாம் சிரிச்சாங்க. என்கூடக் கோயில்ல கும்பிடற ஜனமும் கேட்டுச்சு."

சாப்பாட்டு மேசையில் எல்லாரும் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். சுக்கான் அறையிலிருந்து ஃபெர்மின் இறங்கி வந்தார்.

"அம்மா, உங்க ரேடியோதான் ரிப்பேராச்சே?"

"ரெண்டு வருஷமா 'இதோ பாக்கறேன், இதோ பாக்கறேன்'னு நீ சொன்ன. உன் தம்பி டிசம்பர்ல சூரியப் பலகை வச்சு சரி பண்ணிட்டுப் போயிட்டான். காலைலேர்ந்து பொழுது சாயற வரைக்கும் போட்டு வச்சிருக்கேன். வேற என்ன வேலை எனக்கு?"

ஃபெர்மினுக்கு விஷயம் விளங்கிவிட்டது. விளங்கியவுடன் சிரித்துத் தொலைத்தார். அதுதான் அவர் செய்த தப்பு.

"அம்மா, மாமியார்னா திமிங்கிலம்மா. ரேடியோல சொல்ற பேரு."

"யாரு திமிங்கிலம்?"

"மாமியார்."

"அப்ப நான் திமிங்கிலம்."

"ஐயோ, நீங்க இல்லம்மா. திமிங்கிலம்தான் மாமியார்."

"அதத்தாண்டா நானும் சொல்றேன்."

கார்சா அம்மாள் கை துடைக்கும் துணியை மேசையில் வைத்துவிட்டு எழுந்து வந்தார். "அந்தம்மா கேக்கறது நியாயம்தானே தம்பி? உலகத்துல இவ்வளவு மிருகம் இருக்கு, பேர் வைக்க மாமியார்தான் கெடச்சாளா? எனக்கு மூணு மருமக. அவளுங்க போன்ல என் பேரு என்னவா இருக்கும்னு இப்பத்தான் எனக்கே யோசனை வருது" என்றார். கூட வந்திருந்த மருமகளுக்குப் பப்பாளி புரையேறியது.

தோன்யா திரினி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. என்னையே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். அந்தக் கேள்வியைத்தான் அவர் கறுப்பு உடுப்புப் போட்டுக்கொண்டு வந்து கேட்டிருக்கிறார் என்று எனக்குப் பட்டது.

"ஜனவரில ஒரு நாள் சொன்ன. 'மாமியார் இன்னும் வரல. தினம் தீவுப் பக்கமே பாத்துட்டு நிக்கறேன். இந்த வருஷம் அவ இல்லாம மனசே சரியில்ல'ன்னு. அன்னைக்குத்தான் உன் கொழுக்கட்டையத் தின்னேன். அதுவும் திமிங்கிலமா?"

காலிப் பாத்திரம், சீஸ், அத்திப்பழம் எல்லாம் அதனால்தானா? ஒரு பேச்சைத் தப்பாகப் புரிந்துகொண்டு அவர் கோபித்தது இருக்கட்டும். அதே மாதிரி தப்பாகப் புரிந்துகொண்டுதான் என்னை மன்னித்தும் இருக்கிறார். அந்த ஜனவரி நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. திமிங்கிலங்கள் தாமதம். விருந்தாளிகள் முணுமுணுத்தார்கள். நான் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு தீவுக்கும் கரைக்கும் நடுவே உள்ள ஜலசந்திப் பக்கம் பார்த்தேன். அங்கே தண்ணீரும் இருந்தது, லெச்சூசாவும் இருந்தது.

"பாதி, அத்தை" என்றேன்.

"எந்தப் பாதி?"

"தேடினது திமிங்கிலத்த. மனசு சரியில்லன்னு சொன்னது உங்கள நெனச்சு."

வாயைத் திறந்தபோது இது பொய்யோ என்று எனக்கே சந்தேகம். சொல்லி முடித்தபோது அது உண்மையாக இருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, மாவுக் கையால் துடைத்துக்கொண்டேன்.

"அன்னைக்குச் சிப்பியில மண்ணு இருந்துச்சு அத்தை. ஆனா நான் சொல்லியிருக்கக் கூடாது."

அவருடைய படகு எங்கள் படகில் இடித்து இடித்து விலகியது.

"இருந்துச்சு" என்றார். "எனக்கும் பல்லுல நறநறன்னுது. ராத்திரி பூரா துப்பிக்கிட்டிருந்தேன்."

ஃபெர்மின் மறுபடி சிரிக்கப் போனார். நான் முறைத்தேன். அவர் கயிற்றைப் பிடித்துக் குனிந்து அம்மாவை ஏற்றிவிடக் கை நீட்டினார். தோன்யா திரினி அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"நீ போய் உன் சக்கரத்தப் பிடி. எம் மருமக ஏத்திவிடுவா."

கை நீட்டினேன். பாரமான மனுஷிதான், ஆனால் அதைச் சொல்ல இந்தத் தடவை வாய் வரவில்லை. அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பளபளக்கிற தேக்குத் தளத்தில் வெறுங்காலால் இரண்டு முறை தட்டிப் பார்த்தார். கார்சா அம்மாள் தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் காபியும், வெல்லப்பாகில் ஊறிய ரொட்டியும் கொண்டுவந்து வைத்தேன். தவக்காலத்துக்காக நேற்றே செய்தது. ஒரு வாய் வைத்தார். மெதுவாக மென்றார். நாங்கள் எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பாகு கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். தட்டைக் காலி பண்ணினார். இன்னொரு துண்டு கேட்டார். நான் இரண்டு வைத்தேன்.

இரண்டு மாமியார்களும் மருமகள்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களைப் பிரிக்க இனி ஆண்டவனாலும் ஆகாது என்று நினைத்தபோது, ரேடியோவில் பெத்தோவின் குரல் வந்தது.

"எஸ்தெலா, எஸ்தெலா. வந்துட்டாய்யா வந்துட்டா. குட்டியோட வந்திருக்கா. ஜலசந்தி வடக்கு வாய். கேக்குதா?"

கார்சா அம்மாள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஃபெர்மின் நங்கூரத்தைத் தூக்கப் போனார். நான் ஒலிவாங்கியை எடுத்தேன். மற்ற தம்பிகளுக்குச் சொல்ல வேண்டும். பொத்தானை அழுத்தினேன். விரலை எடுத்துவிட்டேன்.

தோன்யா திரினி சுக்கான் அறை வாசலில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார், கையில் காபியோடு.

"என்ன முழிக்கிற? சொல்லு."

"என்னன்னு சொல்றது அத்தை?"

"மாமியார்னே சொல்லு. கேட்டுக் கேட்டு எனக்கும் பழகிப்போச்சு." ஒரு வாய் காபி குடித்தார். "ஆனா வந்துட்டா, போயிட்டான்னு சொல்லாத. மரியாதையாச் சொல்லு."

நான் பொத்தானை அழுத்தினேன். வளைகுடா முழுக்கக் கேட்கட்டும் என்று நிதானமாகச் சொன்னேன்.

"எல்லாருக்கும் எஸ்தெலா பேசறேன். மாமியார் வந்துட்டாங்க."