எதிர்வீட்டுக் கையெழுத்து

என் வீட்டுக்காரர் குமரேசனுக்கு அறிவு இருக்கிறதா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம், ஆரணியில் எங்கள் தெரு நீளத்துக்குத் தறிக்கான பட்டு நூல் பாவு இழுத்துக் கட்டி, வெயில் ஏறுவதற்குள் கஞ்சி தோய்த்துக்கொண்டிருந்தோம். ஒரு முனையில் கயிற்றைப் பிடித்திருந்த மனுஷன், பைலோடு ஒருவர் வருவதைப் பார்த்ததும், "சார் வந்துட்டாரு!" என்று கையை விட்டுவிட்டார். ஈரப் பாவு தொய்ந்து தரையைத் தொடப் போனது. இழை சிக்கினால் மூன்று புடவை போச்சு.

வந்தவர் நன்னடத்தை அலுவலர். வேலூர் ஜெயிலில் பதினான்கு வருஷமாக இருக்கும் என் மாமனார் அருணகிரிக்கு வயது எழுபத்திரண்டு, இரண்டு கிட்னியும் பழுது. அவரை விடுதலை செய்யலாமா என்று விசாரிக்க வந்திருந்தார். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வீர்களா என்று எங்களைக் கேட்பார், அது பெரிய காரியமில்லை. எதிர்வீட்டுக் கமலத்தம்மாவையும் கேட்பார். அதுதான் பெரிய காரியம். பாவு போட யார் முறை என்று வந்த வாய்ச்சண்டையில் மாமனார் கட்டையால் அடித்துக் கொன்றது அவள் புருஷன் தருமனை. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சே கிடையாது.

தொய்ந்த பாவை ஓடிவந்து பிடித்தது யாரென்று நினைக்கிறீர்கள்? வாசல் பெருக்கிக்கொண்டிருந்த கமலத்தம்மாதான்! துடைப்பத்தை வீசிவிட்டுக் கயிற்றை இடுப்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்தாள். எங்கள் தெருவில் பாவு தொய்ந்தால் யாரும் வேடிக்கை பார்க்க மாட்டார்கள்.

அலுவலர் அவளிடமே, "கமலம்னு ஒரு அம்மா, எந்த வீடுங்க?" என்றார்.

"நாந்தான். இன்னா சொல்லுங்க."

அவர் பாவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார்.

"எழுந்து நடக்கறானா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. புடிச்சாதான் உக்கார முடியும்."

"எம் புருசன் சாவும்போது தண்ணி கேட்டாரு. மொண்டுகினு வர்றதுக்குள்ள போய்ட்டாரு." கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "இவனாவது வூட்ல தண்ணி குடிச்சிட்டுச் சாவட்டும். ஆனா ஒரு தபா எம் மூஞ்சிய நிமிந்து பாக்கணும். அத்தயும் எழுதிக்கங்க."

நான் அழுதுவிட்டேன். அலுவலர் மைப்பெட்டியை நீட்டினார்.

"கைநாட்டு இன்னாத்துக்கு? எனக்கு எழுதத் தெரியும். ஏய் பரிமளா, இத்தப் புடி."

மருமகளாக வந்த பத்து வருஷத்தில் முதல் தடவையாக என் பெயரைச் சொன்னாள். கயிறு என் கைக்கு வந்தது. கஞ்சிக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பேனாவை வாங்கித் தாள்மேல் குனிந்தாள். தன் பெயருக்கு முன்னால், ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி நிறுத்தி, 'தருமன்' என்று முழுசாக எழுதினாள்.