ஷோயபின் பில்ட் மெஷின்

ஷோயபை அடக்கம் செய்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவருடைய அறையில் உட்கார்ந்து துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன், மேசைக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டர் தானாக ஓட ஆரம்பித்தது. முதலில் ஒரு சின்ன உறுமல், பிறகு ஃபேன் வேகம் பிடிக்கும் சத்தம். இவர் இருந்தபோதும் இதே சத்தம்தான், அப்போது நாற்காலியில் ஆள் இருக்கும். புருஷன் போனால் நாலு மாதம் பத்து நாள் இத்தா, அது முடியும்வரை நான் வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை. ஆம்பூரில் இத்தனை வீடு இருக்க, புருஷன் வேலை செய்யும் சத்தத்தோடு விதவையாக உட்கார்ந்திருக்க எனக்குத்தான் எழுதியிருக்கிறது.

பேய் என்று யாரும் பயப்பட வேண்டாம், காரணம் எனக்குத் தெரியும். பகலில் இவருக்கு ஷூ கம்பெனி ஆபீஸ் வேலை. மீதி நேரமெல்லாம் ஒரு இலவச சாஃப்ட்வேர். கிணற்றுத் தண்ணீரில் எவ்வளவு உப்பு ஏறியிருக்கிறது என்று ஊர் ஊராகப் பதிவு செய்வது. இவரும் இவருடைய சிநேகிதர் ராணிப்பேட்டை கௌதமும் ஆரம்பித்தார்கள், இப்போது எந்தெந்த நாட்டிலிருந்தோ முகம் தெரியாதவர்கள் திருத்தி அனுப்புகிறார்கள். யார் எதைத் திருத்தினாலும், அது ஓடுவதற்கு வேண்டிய சாமான்களையெல்லாம் சேர்த்து ஒரே டப்பாவாகக் கட்ட வேண்டும், அப்போதுதான் எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் ஒரே மாதிரி ஓடும். கண்டெய்னர் என்பார். கட்டுச்சோறு மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன்.

அந்தக் கட்டும் வேலை இந்த மெஷினில் மட்டும்தான் நடக்கும், யாராவது திருத்தி அனுப்பியதும் தானாகவே ஓட ஆரம்பித்துவிடும். எல்லாவற்றுக்கும் அடியில் வைக்கும் முதல் டப்பாவை எப்போதோ இதில் செய்து வைத்தார், அது வேறெங்கும் கிடையாது. அதனால் மெஷினை அணைக்கவே கூடாது, கரண்ட் போய் வந்தால் திரும்பப் போட ஆள் வேண்டும். கலவை ஊரில் என் தங்கை நிக்காஹ்வுக்கு வந்த மனுஷன் பிரியாணி சாப்பிட்ட கையோடு பஸ் ஏறிவிட்டார், மெஷின் தனியாக இருக்கிறதாம். நான் வேணுமா, இது வேணுமா என்று எத்தனை சண்டை. 'கொஞ்சம் பொறு இரம்' என்று என் பேரைச் சொல்லுவார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். இப்போது அவர் போய்விட்டார், நானும் மெஷினும் ஒரே அறையில் கிடக்கிறோம்.

ஆரம்பத்தில் சத்தம் கேட்டதும் எழுந்து வெளியே போய்விடுவேன். அப்புறம் பழகிவிட்டது. பழகியது மட்டுமா, காத்திருக்கவே ஆரம்பித்தேன். விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் பாயை மடிக்காமல் உட்கார்ந்திருப்பேன். ஓட ஆரம்பித்தால் பேச்சுக் கொடுப்பேன், கேஸ் தீர்ந்தது, உப்புத் தண்ணீரில் முடி கொட்டுவது எல்லாம். திட்டவும் செய்வேன். மாமியார் அன்வரி பேகம் கதவோரம் நின்று கேட்பார், உள்ளே வர மாட்டார். ஒரு நாள் மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது தட்டில் இரண்டு டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். என்னுடையதை நான் குடித்தேன், மற்றது மெஷின் பக்கத்தில் இருந்தது. ஆறிப்போனதும் நானே எடுத்துக் குடித்தேன்.

இத்தா முடிய இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்போது கௌதம் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டேன், மாமியார் பக்கத்தில் இருந்தார். டப்பா கட்டும் வேலையைச் சுலபமாக்கிவிட்டார்களாம். தலைசுற்ற வைத்த அத்தனை ஃபைலும் போய் இப்போது ஒரே ஃபைல். முதல் டப்பாவையும் அதுவே புதிதாகச் செய்துகொள்ளும், எந்த மெஷினிலும் நடக்கும். ஆனால் இந்த மாற்றத்தையும் ஒரு தடவை நம் மெஷின் கட்டிப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும், சொல்லாமல் எதுவும் உள்ளே போகாது. அந்த விதியைப் போட்டதும் இவர்தான். அதற்குப் பிறகு இதை யாரும் கூப்பிட மாட்டார்கள், அணைத்துவிடலாம். உங்களுக்கும் தொல்லை கம்மி பாபி என்றார், அண்ணி முறை வைத்து, நல்லதாக நினைத்துத்தான். போனை வைத்ததும் மெஷினின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டேன்.

மத்தியானம் அனுப்புகிறேன் என்று சொன்னபடியே அனுப்பினார். மெஷின் உறுமியதும் எழுந்து போய் சுவிட்சை அணைத்தேன். கௌதம் போனில் கேட்டதற்கு, கரண்ட் போய்விட்டது என்றேன். பிறகு திரும்பப் போட்டு வைத்தேன், மறுநாளும் அதே கதை. தலைக்கு மேல் மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது, போனில் அவருக்கும் கேட்டிருக்கும். மாமியார் தஸ்பீஹ் மணியை உருட்டியபடி சுவரைப் பார்த்தார். பொய் சொல்ல இப்படி ஒரு துணை யாருக்குக் கிடைக்கும்.

மூன்றாவது தடவை கௌதம் கரண்ட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"பாபி, இது நான் ஆரம்பிச்ச வேலை இல்ல. ஷோயப் ஆரம்பிச்சது. பாதில நின்னுட்டிருந்தத நான் முடிச்சேன், அவ்ளோதான்."

"அவருக்கு இன்னா அவசரம் அதுல?"

"இந்த மெஷின ஆஃப் பண்ணணும்னுதான். உங்கள எங்கயும் கூட்டிட்டுப் போக முடியலன்னு ரொம்ப பேஜாரா இருப்பான்."

எனக்கு அழுகை வருவதற்கு முன் கோபம்தான் வந்தது. ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் பக்கம் பக்கமாக எழுதியவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் பாதிச் சண்டை போட்டிருக்க மாட்டேனே. மாமியார் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"விட்டுடு பேட்டி, என் மகளே. புள்ள வேலைய முடிக்கட்டும்."

அனுப்பச் சொன்னேன். நாற்காலியில் உட்காராமல் தரையில் மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். சுவிட்ச் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. உறுமியது, ஃபேன் வேகம் பிடித்தது, மேலே திரையில் எழுத்துகள் ஓடின. முன்பெல்லாம் ஒரு டப்பா கட்டி முடிவதற்குள் உலை வைத்து சோறே வடித்துவிடுவேன். இன்றைக்கும் அவ்வளவு நேரம் ஆகும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். சுலபமாக்கிவிட்டார்களே. என்ன சொல்லலாம் என்று நான் யோசித்து வாயைத் திறப்பதற்குள் எல்லாம் சரி என்று பச்சையாக ஒரு வரி வந்துவிட்டது.

ஃபேன் மெதுவாகி நின்றது. பெட்டியின் மேல் கையை வைத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தபோது இவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், அதற்குள் ஜில்லென்று ஆகியிருந்தது. இதில் சூடு இருந்தது. இரண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்துக்கொண்டேன். ஓரங்கள் ஆற ஆரம்பித்ததும் கைகளை நடுவுக்கு நகர்த்தினேன்.