காத்திருப்பறையில் ஒரு சிங்கம்

“ஒரே ஒரு சிங்கத்தை வெச்சு நாப்பது பேரோட கிட்னியைக் காப்பாத்திட்டு வர்றேன் சிஸ்டர். உங்க டாக்டருங்களால முடியாததை என் சிங்கம் செய்யுது. என்னைப் போய்ப் பேசாதேங்கறீங்களே.”

ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் இப்படிச் சொன்னபோது, ஆராய்ச்சிப் பிரிவு நர்ஸ் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை அவர் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வந்த கோபத்துக்கு, அந்தப் பட்டையைக் கையிலிருந்து உருவி வாயில் கட்டாமல் விட்டதே பெரிய விஷயம்.

“அஞ்சு நிமிஷம். அஞ்சே நிமிஷம் வாயை மூடிட்டு உட்காருங்க ஐயா. அப்பதான் பிரஷர் சரியா வரும்.”

“முப்பது வருஷம் மைக்ல உண்மையை மட்டும் பேசினவன் நான். வண்டி லேட்டுன்னா லேட்டுன்னுதான் சொல்லணும். ரிட்டையரானப்புறம்தான் பொய் சொல்லக் கொஞ்சம் நேரம் கிடைச்சிருக்கு. அதுலயும் அஞ்சு நிமிஷத்தைப் பிடுங்கிக்கறீங்க.”

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பதின்மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் சுண்ணாம்பு உதிர்ந்தது.

நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களை வருடக்கணக்கில் பின்தொடர்கிற ஆராய்ச்சி அது. மருந்து கொடுக்கிற ஆராய்ச்சி இல்லை, பார்த்துக்கொண்டே இருக்கிற ஆராய்ச்சி. வருடத்துக்கு ஒரு நாள் வெறும் வயிற்றோடு வர வேண்டும். முந்தின நாள் முழுக்கச் சேர்த்த சிறுநீரை மூடி போட்ட கேனில் கொண்டுவர வேண்டும். ரத்தம் கொடுக்க வேண்டும். என்ன சாப்பிட்டாய், எவ்வளவு நடந்தாய், எப்படித் தூங்கினாய் என்று மாமியார்கூடக் கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். இத்தனைக்கும் சேர்த்து ஒரு பன், ஒரு டீ. யாருக்காவது ஏதாவது எக்குத்தப்பாக இருந்தால் மட்டும் அன்றைக்கே கையோடு மாடியில் டாக்டரிடம் அனுப்பிவிடுவார்கள்.

பல் வலித்தால் ஊரைக் கூட்டும். சிறுநீரகம் வாயில்லாப் பிராணி. முக்கால்வாசி போகிற வரைக்கும் மூச்சுக்கூட விடாது. வலிக்காத ஒன்றுக்காகக் கடையை மூடிவிட்டு, கேனைப் பையில் மறைத்துக்கொண்டு, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் பார்வையையும் தாங்கிக்கொண்டு யார் வருவார்கள்? மற்ற மையங்களில் முதல் வருடம் வந்த கூட்டத்தில் பாதி, மூன்றாம் வருடமே கம்பி நீட்டிவிட்டது. இங்கே செவ்வாய்க்கிழமைக் குழுவில் பதினாலு பேர். ஆறு வருடமும் பதினாலு பேர். பெரிய டாக்டர் கூட்டத்தில் நர்ஸை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார். எல்லாம் தான் பண்ணுகிற போனாலும் அனுப்புகிற நினைவூட்டல் அட்டையாலும்தான் என்று அவளும் மனசார நம்பினாள்.

உண்மையில் அவர்களை இழுத்து வந்தது அறிவிப்பாளரின் சிங்கக் கதை. மழை கொட்டுகிற ஒரு மத்தியானம், சர்க்கஸ் கம்பெனியின் கூண்டு உடைந்து, சிங்கம் நேராக முதல் வகுப்புக் காத்திருப்பறைக்குள் போய் மின்விசிறிக்கு அடியில் படுத்துக்கொண்டதாம். அது முதல் வருடக் கதை. முதல் வகுப்பு டிக்கெட் இல்லாமல் உள்ளே இருக்கலாமா என்று பரிசோதகர் கேட்கப் போனது இரண்டாம் வருடம். “வண்டி தாமதமாக வரும்” என்று இவர் மைக்கில் சொல்லும்போதெல்லாம் சிங்கம் உறுமியது மூன்றாம் வருடம். சிங்கத்துக்கு அவசரம் என்று தெரிந்த ரயில்வே, சரித்திரத்திலேயே முதல் தடவையாக ஒரு வண்டியை நேரத்துக்கு விட்டது நாலாம் வருடம். அந்த வண்டி பிளாட்பாரத்துக்கு வந்து நிற்கவே கதையில் இன்னும் இரண்டு வருடம் பிடித்தது. ஒவ்வொரு வருடமும் கதை கழுத்து வரைக்கும் வந்து நிற்கும். உடனே எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு சொல்வார்: “மீதி அடுத்த வருஷம். எல்லாரும் ஒழுங்கா உயிரோட வந்து சேருங்க.”

வாயைப் பிளந்து கேட்பவர்களில் முதல் ஆள் டெய்லர். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வழிய உள்ளே வருவார். அவருக்கு ரத்த அழுத்தம் பார்த்தால் மெஷினே பயந்துபோகும்.

அந்த ஆறாம் வருடம்தான் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. “உங்க செவ்வாய்க்கிழமை ஆளுங்களை என்ன மாடு துரத்துதா? ஒருத்தர் பிரஷரும் நம்பற மாதிரி இல்லையே.” நர்ஸுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல ஆகிவிட்டது. யோசிக்கவே இல்லை. அறிவிப்பாளரை வெள்ளிக்கிழமைக்கு மாற்றினாள். வெள்ளிக்கிழமைக் குழுவில் மொத்தமே இரண்டு பேர். ஒருவர் வாயே திறக்காதவர், இன்னொருவருக்குக் காது கேட்காது.

“ஜெயில்ல போட்டுட்டீங்களே சிஸ்டர்” என்றார் அவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் போகும்போது டீ குடிக்கவில்லை.

அடுத்த வருடம் செவ்வாய்க்கிழமை காத்திருப்பறை கணக்குப் பரீட்சை நடக்கிற ஹால் மாதிரி இருந்தது. டெய்லர் வந்து பெஞ்சை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார்.

“நம்ம அறிவிப்பு எங்கே?”

“அவருக்கு வேற நாள்.”

“அப்போ சிங்கம்?”

“எந்தச் சிங்கம்?” என்றாள் நர்ஸ், பட்டையைச் சுற்றியபடியே.

ரத்த அழுத்தம் பாடப் புத்தகத்தில் போடலாம் போல வந்தது. டெய்லர் பன்னைத் தொடாமல் போனார். தலைமை அலுவலகம் பாராட்டியது.

அதற்கடுத்த வருடம் பாதிப் பேர் வரவில்லை. டெய்லருக்குப் போன் பண்ணினாள். “ஸ்கூல் யூனிஃபார்ம் ஆர்டர் தலைக்கு மேல கிடக்குது சிஸ்டர். அடுத்த வாரம் வர்றேன்.” அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம். பிறகு போனை எடுப்பதை விட்டுவிட்டார்.

அவரை அவள் மறுபடியும் பார்த்தது மூன்றாவது மாடியில், டயாலிசிஸ் வார்டில். ரத்தம் எடுக்கிற குழாய்களை வாங்கப் போனவள், ஜன்னலோரக் கட்டிலில் அளவெடுக்கிற டேப் மாதிரி மெலிந்து கிடந்த ஆளை முதலில் அடையாளமே கண்டுகொள்ளவில்லை. கையில் இரண்டு ஊசி, பக்கத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிற மெஷின்.

“பார்த்தீங்களா சிஸ்டர்,” என்றார் டெய்லர். “ஊருக்கெல்லாம் துணியைப் பிடிச்சுத் தெச்சேன். இப்ப என்னையே ரெண்டு இஞ்ச் பிடிச்சுட்டாங்க.”

“எப்போ ஆச்சு?”

“திடீர்னு மூச்சு முட்டிச்சு. தூக்கிட்டு வந்தாங்க. முன்னாடியே கால் வீங்கியிருந்தது. நான் செருப்புதான் சின்னதாயிடுச்சுன்னு நினைச்சேன். அடுத்த சைஸ் வாங்கிப் போட்டுக்கிட்டேன்.” சிரித்தார். “டெய்லர் பண்ற வேலையா இது? அளவு மாறினா ஏன் மாறுதுன்னு பார்க்கத் தெரியாதா எனக்கு?”

நர்ஸுக்குத் தன் கட்டைவிரல்தான் நினைவுக்கு வந்தது. ஆராய்ச்சிக்கு வருகிற ஒவ்வொருவரின் கணுக்காலுக்கு மேலேயும் அவள் கட்டைவிரலால் ஒரு தடவை அழுத்திப் பார்ப்பாள். வீக்கமிருந்தால் பள்ளம் விழும். அந்தச் செவ்வாய்க்கிழமை இவர் வந்திருந்தால் பள்ளம் விழுந்திருக்கும். அன்றைக்கே மாடிக்கு அனுப்பியிருப்பாள். மருந்திலேயே சில வருடங்களை இழுத்துப் பிடித்திருக்கலாம். ஒரு கட்டைவிரல் அழுத்துகிற நேரம், அவ்வளவுதான்.

“நீங்க வந்திருக்கலாமே,” என்றாள். சொன்ன பிறகுதான் யாரைக் குறை சொல்கிறோம் என்று அவளுக்கே உறைத்தது.

“எதுக்கு வரணும்? பன் திங்கவா?” டெய்லர் குரலில் கோபம் கொஞ்சம்கூட இல்லை. இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். “வருஷத்துல ஒரு நாள் கடையை மூடறேன்னா அது சிங்கத்துக்காகத்தான் சிஸ்டர். போற போக்குல ரத்தமும் கொடுத்தோம். ஆமா, அது என்ன ஆச்சு? நேரத்துக்கு வந்த வண்டியில ஏறிச்சா, இல்லையா? இங்கே நாலு மணி நேரம் படுத்துக்கிட்டு அதைத்தான் யோசிக்கிறேன்.”

அன்று சாயங்காலமே அறிவிப்பாளரின் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர் பழைய ரேடியோ ஒன்றை மேஜை முழுக்கப் பிரித்துப் போட்டிருந்தார்.

“அடடே, ஜெயிலரம்மா வாங்க.”

“செவ்வாய்க்கிழமைக்கே திரும்பி வாங்க ஐயா.”

“எதுக்கு? பிரஷர் எகிறுமே.”

“வந்து சிங்கக் கதையை விட்ட இடத்துலேர்ந்து சொல்லுங்க.”

“முடியாது. அதைக் கொன்னுட்டேன்.”

“என்ன?”

“போன வருஷம் வெள்ளிக்கிழமை. காது கேக்காத மனுஷன் கிட்ட எவ்வளவு நேரம்தான் கத்தறது? கோபத்துல வண்டி ஏத்திக் கொன்னுட்டேன். முடிஞ்சது கதை.”

கேள்வித்தாளில் “தினமும் அடுத்த ஊர் வரைக்கும் நடக்கிறேன்” என்று அவர் சொன்னதையெல்லாம் அடித்துத் திருத்தி, கால்வாசிக்குக் கால்வாசியாக்கி எழுதியவள் அவள். புளுகு என்றாலே ஒவ்வாமை. அவள்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டாள்:

“செத்ததை யார் பார்த்தா?”

அறிவிப்பாளர் திருப்புளியைக் கீழே வைத்தார்.

“காது கேக்காதவர்கிட்டதானே சொன்னீங்க? அப்போ அது சாகலை. வாங்க, டெய்லர் மூணாவது மாடியில கேட்டுட்டிருக்கார்.”

“மூணாவது மாடியிலயா? அங்கே எதுக்கு…” என்று ஆரம்பித்தவர், அந்த மாடியில் என்ன வார்டு என்பது நினைவு வந்து அப்படியே நிறுத்திக்கொண்டார். ரேடியோவின் குமிழ் ஒன்றை எடுத்துத் துடைத்தார், திரும்பத் துடைத்தார்.

“அவர் கடை இங்கேர்ந்து ரெண்டு தெருதான் சிஸ்டர்,” என்றார் கடைசியில். “கேக்கணும்னா அவர் இங்கே வரட்டுமேன்னு வீம்பா இருந்துட்டேன். ஒரு பட்டன் பிஞ்சா அவர்கிட்டதான் எடுத்துட்டுப் போவேன். வீம்புக்கு அதையும் நானே தெச்சுக்கிட்டேன்.” சட்டையின் மூன்றாவது பொத்தானைக் காட்டினார். கோணல்மாணலாகத் தொங்கியது.

டெய்லரின் அடுத்த டயாலிசிஸ் நாளன்று இருவரும் மூன்றாவது மாடிக்குப் போனார்கள். சிங்கம் பிழைத்தெழுந்தது. வண்டியில் ஏறியது, ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போட்டது. வார்டில் எல்லாக் கட்டிலும் சேர்ந்து சிரித்ததில் மெஷின்களெல்லாம் கீ கீ என்று கத்த, அந்த வார்டு நர்ஸ் ஓடிவந்தாள். டெய்லர் சிரித்து முடித்ததும் அறிவிப்பாளரின் சட்டையைப் பார்த்தார்.

“யாருய்யா இந்தப் பட்டனைத் தெச்சது? கழுதை உதைச்ச மாதிரி இருக்கு. கழட்டிக் கொடும், இன்னொரு கை சும்மாதானே இருக்கு.”

ஒரு கையால் பொத்தான் தைக்க முடியாது என்று மூன்று பேருக்குமே தெரியும். ஆனாலும் அறிவிப்பாளர் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார்.

மற்றதெல்லாம் சுலபமாக நடந்தது. அதுதான் நர்ஸுக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அவள் செய்தது இவ்வளவுதான்: ரத்த அழுத்தக் கருவியைக் கடைசி அறையிலிருந்து வாசல் பக்கத்து அறைக்கு மாற்றினாள். வந்தவுடன் ஐந்து நிமிடம் அமைதி, ரத்த அழுத்தம், பிறகு காத்திருப்பறை, சிங்கம். கருவி இருந்த மேஜைக்கு நான்கு சக்கரம் இருந்தது. தள்ளினால் போயிருக்கும். ஆறாம் வருடமே போயிருக்கும்.

விட்டுப் போனவர்களுக்கு அறிவிப்பாளரே போன் பண்ணினார். “பயணிகளின் கனிவான கவனத்திற்கு. தாமதமாக வந்துகொண்டிருக்கும் சிங்கம், செவ்வாய்க்கிழமை காலை வந்து சேரும்.” எல்லோரும் வந்தார்கள். கதை கேட்க வந்த மளிகைக் கடைக்காரருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் இதயத்தையே நிறுத்தக்கூடிய அளவுக்கு ஏறியிருந்தது. பரிசோதனைக் கூடத்திலிருந்து அலறியடித்துப் போன் வர, கதையின் நடுவில் அவரை மாடிக்குக் கொண்டுபோனார்கள். “நான் வர்ற வரைக்கும் சிங்கத்தை நகர விடாதீங்க” என்று சொல்லிக்கொண்டே ஸ்ட்ரெச்சரில் போனார். நான்காம் நாள் நடந்து வந்தார்.

இந்த வருடம் புதிதாக ஒரு பேக்கரிக்காரர் சேர்ந்தார். சந்தேகப் பேர்வழி, பன்னைக்கூடப் பிட்டு முகர்ந்து பார்த்துத்தான் சாப்பிட்டார். அறிவிப்பாளர் அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, “ஒரே ஒரு சிங்கத்தை வெச்சு நாப்பது பேரோட கிட்னியைக் காப்பாத்தினவன் நான்” என்று ஆரம்பித்தார்.

பேக்கரிக்காரர் நர்ஸைப் பார்த்தார். “என்ன சிஸ்டர், பெரியவர் காதுல பூ சுத்தறாரே.”

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். அவள் என்ன சொல்வாள் என்று அவர்களுக்குத் தெரியும். “எல்லாம் புளுகு” என்று எத்தனையோ வருடமாகச் சொல்வதுதானே. நர்ஸ் பேக்கரிக்காரரின் காலடியில் குனிந்து, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி, எடுத்துப் பார்த்தாள். பள்ளம் இல்லை.

“நாப்பது பேரெல்லாம் கிடையாது,” என்றாள் நிமிராமலே. “பதிமூணு பேர். பதினாலா இருந்திருக்கும், நான் கெடுத்துட்டேன். மத்தபடி அவர் சொன்னது நடந்ததுதான். நான் பார்த்தேன்.”