பாவாயி வாயில் வந்த பெயர்

“விஜயரங்கன் குதிரையை விட்டு இறங்கினான்” என்று பாவாயி வாசித்ததும், வாசலில் மிளகு உதிர்த்துக்கொண்டிருந்த பெண்களின் கைகள் அப்படியே நின்றுவிட்டன. அர்த்தனாரிக்கு வயிறு எரிந்தது. மண்வெட்டிக்குக் காம்பு செதுக்குகிற சாக்கில் ஓரமாக உட்கார்ந்திருந்தவன், ஆத்திரத்தில் அரிவாளை ஓங்கிப் போட்டான். காம்பு பாதியாகிவிட்டது.

பாவாயி சிறுபிள்ளையில் சேந்தமங்கலத்தில் ஒரு வாத்தியார் வீட்டில் குழந்தை பார்த்துக்கொண்டிருந்தபோது எழுத்துக் கூட்டக் கற்றவள். சுற்றுப்பட்டில் வேறு எந்தப் பெண்ணுக்கும் வாய்க்காத வித்தை. கட்டிக்கொண்ட புதிதில் அர்த்தனாரிக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. அந்தப் பெருமையில்தான், மிளகு மூட்டையோடு சந்தைக்கு மலை இறங்கியவன், இந்த நாவலை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு வந்தான். தனக்குப் போட்டியைத் தானே சுமந்து மலையேற்றிய கிறுக்கன் வேறு எவனாவது இருப்பானா?

கதாநாயகன் அழகனாக இருந்துவிட்டுப் போகட்டும், வீரனாகவும் இருக்கட்டும். அர்த்தனாரியைக் குடைந்தது அந்தப் பெயர்தான். புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது ஊர் வழக்கம். பாவாயி அதில் இம்மியும் பிசகமாட்டாள். திருச்செங்கோட்டுச் சாமிக்கும் அதே பெயராகப் போய்விட்டதால், “அந்த மலைமேல இருக்கற சாமி” என்றுதான் வேண்டிக்கொள்வாள். காட்டில் அவனைக் கூப்பிடக் கை தட்டுவாள். மற்றவர்களிடம் வெறுமனே “அவிங்க” என்பாள். அது அர்த்தனாரி ஒருவன்தான் என்று எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்ட வாய், காகிதத்தில் இருக்கிற எவனையோ விஜயரங்கன் விஜயரங்கன் என்று வெல்லக்கட்டியாட்டம் உருட்டுகிறது. தன் பெயர் அந்தக் குரலில் எப்படி இருக்கும் என்றுகூட அவனுக்குத் தெரியாது.

“அப்பிடி என்னத்தக் கண்டீங்க அவங்கிட்ட?” என்று அத்தாயியிடம் கேட்டான். பக்கத்து வீட்டுக்காரி, அவனைவிட மூத்தவள்.

“பொண்டாட்டி மொகம் வாடுனா, ஏன்னு கேக்கறானே கண்ணு! எங்கூட்டுல நான் கோவிச்சுக்கிட்டா அடுப்புக்குக்கூடத் தெரியாது.”

பெண்கள் சிரித்தார்கள். பாவாயியும் சிரித்தாள். அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

எல்லாரும் கலைந்த பிறகு, அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

“ஏ புள்ள, எம் பேர ஒருக்கா சொல்லு.”

சாமைக்கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தவள் பதறித் திரும்பினாள். “ஏனுங்க, பேச்சப் பாரு!”

“அவம் பேர மட்டும் வாய் நெறையச் சொல்ற?”

“அவன் காயிதத்துல கெடக்கறவனுங்க. செத்தா செத்துட்டுப் போறான். நீங்க இருக்கோணுமில்லீங்க?”

அர்த்தனாரிக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. கஞ்சியை இரண்டு முறை வாங்கிக் குடித்தான்.

மறுநாள் பெண்கள் கூடியபோது, அவனும் ஒரு கூடை மிளகை இழுத்துப்போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்தான். எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லட்டும். ஒவ்வொரு முறை அந்தப் பெயர் வரும்போதும், போடா, உன் ஆயுசில் இன்னும் கொஞ்சம் போச்சு என்று மனசுக்குள் கணக்குத் தீர்த்துக்கொண்டான்.

கதையில் சண்டை மூண்டது. எங்கிருந்தோ வந்த ஈட்டி விஜயரங்கன் விலாவில் பாய்ந்தது. ரத்தம் நிற்கவில்லை, வைத்தியர் உதட்டைப் பிதுக்கினார். அத்தாயி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பாவாயியின் குரல் இறங்கிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நின்றுபோயிற்று.

“படியேன், என்னாச்சு?” என்றாள் அத்தாயி.

வரியின் மேல் ஊர்ந்துகொண்டிருந்த பாவாயியின் விரல், அடுத்து வந்த பெயரை அழுத்தி மூடிக்கொண்டது.

“அவிங்க…” என்று வாசித்தாள், “அவிங்க கண்ணைத் திறக்கவில்லை.”